ஏகாம்பரம் கேட்ட பக்கம்

செங்கத்துக்கு அருகே மலையடிவாரத்தில் மங்கையர்க்கரசி அம்மையின் சிறிய ஆசிரமம் இருந்தது. அவருடைய சீடர் தணிகாசலம் ஒரு பத்திர எழுத்தர்; அம்மையைவிடப் பத்து வயது மூத்தவர்.

ஒரு புதன்கிழமை அவர் கேட்டார்: "அம்மா, ஞாயித்துக்கிழமை இங்கே நாலு பேர் உக்காந்து ஒரு புத்தகத்தைப் படிச்சுப் பேசலாம்னு ஆசை. யாரைக் கூப்பிடட்டும்?"

"உங்க சிநேகிதக்காரங்களை."

"மூணு பேருக்குச் சொல்லிட்டேன்."

"யாருக்குச் சொல்லலை?"

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏகாம்பரத்துக்கு. அவன் பையன் குவாரிக் குட்டையில மூழ்கிச் செத்தப்போ, துக்கத்துக்குப் போன இடத்துல இதே புத்தகத்திலிருந்து ஒரு வரி சொன்னேன். சட்டையைப் பிடிச்சு வெளியே தள்ளிட்டான். ரெண்டு வருஷமாப் பேச்சில்லை."

"போய்க் கூப்பிடுங்க."

மறுநாள் ஏகாம்பரத்தின் வெல்டிங் பட்டறை வாசலில் போய் நின்றார். ஏகாம்பரம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். வா என்று சொல்லவில்லை.

"ஞாயித்துக்கிழமை ஆசிரமத்துல புத்தகம் படிச்சுப் பேசறோம். நீயும் வரணும்."

"எந்தப் புத்தகம்?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"அதேதான்."

"வந்தா வாயை மூடிக்கிட்டு உக்கார மாட்டேன்."

"சரி. வா."

ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் வந்தார்கள். மூவர் பாயில் அமர்ந்தார்கள். ஏகாம்பரம் மட்டும் கதவோரமாக உட்கார்ந்தார்.

தணிகாசலம் படிக்கத் தொடங்கினார். துக்க வீட்டில் சொன்ன வரி இருந்த பக்கம் நெருங்கியது. இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டினார்.

"பின்னாடி திருப்பு," என்றார் ஏகாம்பரம். "அந்தப் பக்கத்தைப் படி."

தணிகாசலம் திருப்பினார். அந்த வரியைப் படித்தார்.

"உதிர்ந்த இலைக்காக மரம் அழுவதில்லை."

"நான் மரமாடா, தணிகா?"

பாயில் இருந்த நமச்சிவாயம் என்ற நண்பர் கோபமாக எழுந்தார்.

"மகான்கள் எழுதினதை இப்படிப் பேசக் கூடாதுங்க."

ஏகாம்பரமும் எழுந்துவிட்டார். விரல்கள் இறுகியிருந்தன.

தணிகாசலம் பதறிப்போய் அம்மையைப் பார்த்தார். "அம்மா, இந்த வரிக்கு நீங்களே அர்த்தம் சொல்லுங்க!"

அம்மை அவர் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி மூடினார்.

"பையன் பேரென்ன?"

"முகிலன்," என்றார் தணிகாசலம்.

அவர் தூக்கி வளர்த்த பிள்ளை. துக்க வீட்டில்கூட அவர் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. இப்போது சொன்னதும் குரல் உடைந்தது. மேலே பேச முடியாமல் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

ஏகாம்பரம் அவரையே பார்த்தபடி நின்றார்.

அம்மை கதவோரம் போய்த் தரையில் அமர்ந்தார்.

"உக்காருங்க, ஏகாம்பரம். முகிலனைப் பத்திச் சொல்லுங்க. நாங்க கேக்கறோம்."