தரையைத் தொடாத ஜீப்

போடி ஜீப் ஸ்டாண்டில் எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. முப்பது நாள் ஒரு ஆள்கூட ஏறாத வண்டி வரிசையை விட்டுப் போய்விட வேண்டும். அந்த இடம் அடுத்துக் காத்திருக்கும் வண்டிக்கு. சுருளிவேலுவின் ஜீப்புக்கு அன்று முப்பதாவது நாள். அடுத்துக் காத்திருந்த வண்டி என்னுடையது. ஆகவே நான் சொல்வதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் கலந்திருந்தால் கழித்துக்கொள்ளுங்கள். பொய்யை மட்டும் என் கணக்கில் சேர்க்காதீர்கள், அது பூராவும் அவன் சரக்கு.

காலை ஆறு மணி இருக்கும். காட்டுராஜாவின் டீக்கடை முன்னால் பவுன்தாய் அக்கா தன் பதினோரு பெண்களோடு நின்றுகொண்டிருந்தார். போடிமெட்டு மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவர்கள். பவுன்தாய்தான் அந்தக் கூட்டத்துக்குக் கங்காணி. அவர் ஏறினால் பன்னிரண்டு பேரும் ஏறுவார்கள். ஏறாவிட்டால் ஈகூட ஏறாது.

சுருளிவேலு சும்மா இருந்திருக்கலாம். போனில் எதையோ பார்த்துவிட்டுப் போன மாதம் ஜீப்பை உயர்த்திக் கட்டினான். ஸ்பிரிங்கில் ஆறு பட்டை கூடுதலாகச் சொருகி, டிராக்டருக்குத் தம்பி மாதிரி டயர் மாட்டிக்கொண்டு வந்தான். அதில் ஒரு தடவை போனவர்கள் மறு தடவை ஏறவில்லை. அந்தக் குலுக்குக் குலுக்கும்.

“ஏப்பா கொழுந்தா, குலுக்கல் சரியாயிருச்சா? ஆமாவா இல்லையான்னு ஒத்தை வார்த்தையில சொல்லு” என்றார் பவுன்தாய். தூரத்துச் சொந்தம். அவன் அவரை மதினி என்பான்.

ஒத்தை வார்த்தை அவனிடம் ஏது? டீ கிளாசைக் கீழே வைத்தான். நான் இன்னொரு டீ சொன்னேன்.

“மதினி, மொதல்ல வண்டியோட ஒசரத்தைக் கேளுங்க. சீட்டுல ஏறி உக்காந்தா வைகை டேம் தெரியுது. டேம் என்ன பெரிய டேம், அதுக்குள்ள எந்த மீனு சினையா இருக்குன்னு தெரியுது. மொத நாள் தேனி ரோட்டுல போறேன், ரெண்டு பஸ்சு எனக்கு அடியில பூந்து முந்திப் போயிருச்சு.”

“பஸ்சு மேல லக்கேஜ் இருந்துருக்குமே?” என்று கேட்டான் காட்டுராஜா.

“அது தட்டுனதுலதானப்பா எனக்கு விசயமே தெரிஞ்சுச்சு! அப்பேர்ப்பட்ட வண்டிக்குக் கண்ணு படுமா படாதா? எலுமிச்சம்பழம் கட்டுனேன். பத்து நிமிசத்துல ஊறுகாயாப் போச்சு. பூசணிக்காய் கட்டுனேன். ஊர்க்கண்ணு பட்ட சூட்டுல வெந்து கூட்டாயிருச்சு, மத்தியானம் வீட்டுல அதைத்தான் சோத்துக்குத் தொட்டுக்கிட்டோம். அப்பறம்தான் அசல் கருங்காலிக் கட்டை நாலு வாங்கி, கறுப்புத் துணி சுத்தி, நாலு சக்கரத்துக்கும் மேல அடியில இறுக்கிக் கட்டுனேன். அன்னிக்கிருந்து ஒரு கண்ணு கிட்ட அண்டலை.”

“ஆளும்தான் அண்டலை” என்றேன் நான்.

“நான் குலுக்கலைக் கேட்டேன்” என்றார் பவுன்தாய்.

“அதுக்குத்தான் வர்றேன் மதினி. குலுக்கல் இருந்துச்சு, நான் மறைக்கலை. ராசிங்காபுரத்துப் பெரியவுக ரெண்டு பேரு எதிரெதிர உக்காந்து வந்தாக. ஒருத்தருக்குப் பல்செட்டு, ஒருத்தருக்குப் பொக்கை வாய். மூணாவது வளைவுல ஒரு தூக்கு. பல்செட்டு இவரு வாயை விட்டுப் பறந்து அவரு வாயில போய்க் கச்சிதமா மாட்டிக்கிருச்சு. பத்து வருசமா முறுக்குக் கடிக்காத மனுசன்! மெட்டுல இறங்குனதும் ஒரு பாக்கெட்டை வாங்கிக் கறுக்கு மொறுக்குன்னு கடிச்சுக்கிட்டே போய்ட்டாரு. இன்னமும் திருப்பித் தரலை.”

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்புக் கேட்டால் அவனுக்கு உடம்பு ஒரு சுற்றுப் பெருத்துவிடும்.

“மெட்டுக்கு எத்தனை வளைவு?” என்று கேட்டான்.

“பதினேழு” என்றாள் ஒருத்தி.

“என் வண்டி தொட்டது நாலு. மீதி பதிமூணும் மேலாப்புல தாண்டிருச்சு. ஒரு தாண்டுல ரொம்ப நேரமா கீழயே வரலை. பின்னாடி இருந்தவுக தூக்குவாளியைத் தொறந்து சாப்பிட்டு, வெளிய கையை நீட்டிக் கழுவுனாக. கீழ அடிவாரத்துல முந்தல் ஊர்க்காரவுக மழைன்னு நெனச்சுக் காயப்போட்ட துணியை எல்லாம் எடுத்துட்டாக.”

“கேக்குறவ கேனையா இருந்தா கேப்பையில நெய் வடியும்” என்று முனகினார் பவுன்தாய்.

“இதைக் கேளுங்க. அதே தாண்டுல செக்போஸ்டையும் தாண்டிக் கேரளாவுக்குள்ள விழுந்துட்டேன். சாயங்காலம் திரும்பி வர்றேன், அங்க இருந்தவரு மறிச்சுட்டாரு. ‘நீ உள்ள வந்ததா நோட்டுல இல்ல. வராதவன் எப்படிப்பா திரும்பிப் போவ?’ங்குறாரு. ஞாயந்தான? மூணு நாள் அங்ஙனயே கிடந்தேன். கடைசியில அவருக்கே மனசு கேக்கலை. ‘பின்னால போய் நல்ல குழியாப் பாத்து விட்டு, வந்த மாதிரியே எம்பிப் போயிரு. நான் அந்த நேரம் டீ குடிக்கப் போறேன்’னு சொல்லி அனுப்பி வெச்சாரு.”

“குலுக்கலைச் சரி பண்ணுனியா இல்லையா?” என்றார் பவுன்தாய்.

“பண்ணாம விடுவேனா? ஜபருல்லா பாய் பட்டறையில கொண்டுபோய் விட்டேன். கூடப் போட்ட ஆறு பட்டையையும் பாய் கழட்டுனாரு. குலுக்குது. அச்சு, கீலு ஒண்ணு விடாம கிரீஸ் வெச்சாரு. வண்டி அப்படியே வழுக்கிக்கிட்டு பட்டறையை விட்டுத் தன்னால கிளம்பிருச்சு, நாலு பேரு மறிச்சு நிறுத்துனோம். அப்பயும் குலுக்குது. ஷாக் அப்சார்பரைப் புதுசா மாத்துனாரு. குலுக்குது. ‘டயர்ல காத்து அதிகம்’னாரு. எறக்குனேன் பாருங்க காத்தை! கண்டமனூர்ப் பக்கம் இருக்குற கரண்டுக் காத்தாடி பூராவும் மூணு நாள் சுத்துச்சு. கரண்டு மிச்சமாப் போயி, பகல்லயும் தெருவிளக்கு எரிஞ்சுச்சு.”

“அது எப்பவும் எரியுறதுதான” என்றான் காட்டுராஜா.

சுருளிவேலு அவனைச் சட்டை செய்யவில்லை. “அப்பறம் காத்தே வேணாம்னு முடிவு பண்ணி, நம்ம ஊரு இலவம்பஞ்சை நாலு டயர்லயும் அடைச்சேன். மெத்தையில போற மாதிரி போச்சு மதினி. மெத்தைன்னா எதுக்கும் தூக்கம் வரும்ல? முந்தல் தாண்டலை, முன்சக்கரம் ரெண்டும் கொறட்டை விட ஆரம்பிச்சிருச்சு.”

“அப்பக் குலுக்கலை?”

“குலுக்குச்சு. தூக்கத்துல பெரண்டு பெரண்டு படுத்துச்சு. மறுபடியும் காத்தையே அடிச்சேன்.”

நான் டீயைச் சட்டையில் சிந்திக்கொண்டேன். அவன் எழுந்து ஜீப்பின் மேல் கையை வைத்தான்.

“கடைசியாத்தான் கண்டுபிடிச்சேன். வண்டிக்கு ஒரு நோவும் இல்ல. அது அசையாமத்தான் போகுது. பூமிதான் குலுங்குது! இத்தாம் பெரிய வண்டி மேல வருதேன்னு பயந்து நடுங்குது. பூமியை ரிப்பேர் பாக்குறது என் சோலி இல்ல. நீங்க ஏறுங்க மதினி.”

சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. அடங்கிய பிறகும் ஒருத்தியும் ஏறவில்லை. பெண்களில் ஒருத்தி என் வண்டிப் பக்கம் பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். அப்போது சுருளிவேலுவின் முகத்தைப் பார்த்தேன். அன்று விடிந்ததிலிருந்து அவன் மூன்று தடவை சீட்டைத் துடைத்திருந்தான். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த இடத்துக்காக நான் எட்டு மாதமாகக் காத்திருந்தேன்.

பவுன்தாய் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். “பட்டையைக் கழட்டிட்ட. ஷாக்கைக் கழட்டிட்ட. காத்தையும் கழட்டிப் பாத்துட்ட. இன்னும் கழட்டாதது என்ன இருக்கு?”

“ஒண்ணும் பாக்கி இல்ல மதினி. அந்தத் திருஷ்டிக் கட்டை மட்டும்தான். அதுல பாயே கை வைக்கலை. நம்ம திருஷ்டியை அடுத்தவன் தொட்டா, தொட்டவனுக்குல்ல வந்துரும்?”

உண்மைதான். ஸ்டாண்டில் யாரும் அடுத்தவன் வண்டியில் கட்டிய எலுமிச்சம்பழத்தைக்கூடத் தொடமாட்டோம். பாய் நான்கு நாள் அந்தக் கட்டைகளைச் சுற்றிச் சுற்றியே வேலை பார்த்தார். நானும் இரண்டு தடவை குனிந்து பார்த்திருக்கிறேன். மரியாதையாக விலகி வந்துவிட்டேன்.

பவுன்தாய் தூக்குவாளியைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தார். சேலையைச் சொருகிக்கொண்டு ஜீப்புக்கு அடியில் போனார். கொஞ்ச நேரம் கால் மட்டும் வெளியே தெரிந்தது. பிறகு குரல் வந்தது.

“ஏப்பா, குழியில விழுந்தா பட்டை மேல ஏறி எறங்க எடம் வேணும்ல? அந்த எடத்துல கட்டையைக் கட்டி வெச்சிருக்க. ரெண்டு வெரல் போகலை.”

சுருளிவேலு குனிந்து அடியில் எட்டிப் பார்த்தான்.

“கருங்காலின்னுதான சொன்ன?”

“அசல் கருங்காலி மதினி.”

“எங்க வீட்டு உலக்கையும் அசல் கருங்காலிதான். எங்க மாமியாளோட மாமியா இடிச்சது. உரலு தேஞ்சு மூணு உரலு மாத்தியாச்சு, உலக்கை தேயலை. அதைக் கொண்டாந்து நாலு சக்கரத்துக்கும் குடுத்துட்டு, பூமி மேல பழி போடுற. என் பையில இருக்குற அருவாளை எடுத்துக் குடுங்கடி.”

“தொடாதீங்கக்கா, தோசம்!” என்று கத்தியது நான்தான். அக்கறையில் வந்த சத்தம் இல்லை அது. என் இடம் போகிறதே என்று வந்தது.

கயிறு அறுந்தது. டம், டம் என்று நான்கு தடவை சத்தம் கேட்டது. அக்கா மண்ணைத் தட்டிக்கொண்டு வெளியே வந்து, “ஓட்டிக் காட்டு” என்றார்.

டீக்கடை முன்னால் ஒரு குழி இருக்கிறது. போன மாதம் சுருளிவேலுவின் ஜீப் அதில் இறங்கியபோது காட்டுராஜாவின் பிஸ்கட் பாட்டில் ஒன்று விழுந்து உடைந்தது. இப்போதும் அவன் ஓடிப்போய்ப் பாட்டில்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். ஜீப் குழியில் இறங்கியது, பைய ஏறியது, போய்விட்டது. காட்டுராஜா கண்ணைத் திறந்து பார்த்து, “தாண்டிட்டானா?” என்று கேட்டான்.

பன்னிரண்டு பேரும் ஏறினார்கள். என் வயிறு எரிந்தது, மறைக்கவில்லை. நான்கு கட்டைகளையும் பவுன்தாய் முந்தானையில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டார். இஞ்சி தட்ட ஆகுமாம். ஆனால் வண்டி கிளம்பவில்லை. சுருளிவேலு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் குரல் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பொய் கலக்காமல் வந்தது.

“மதினி, கட்டை இல்லாமப் போனா வண்டிக்குக் கண்ணு பட்டுருமே? எனக்குப் பயமா இருக்கு மதினி.”

“பயப்படாத கொழுந்தா” என்றார் பவுன்தாய். “போன மாசம் இதுல ஏறுன எடத்துல இருந்து எறங்குற எடம் வரைக்கும் எங்கள்ல ஒருத்தியும் கண்ணையே தொறக்கலை. வண்டியை எடு.”