எண்பத்தொன்பதும் தொண்ணூற்று நான்கும்

“நான் எந்த வருஷம் உச்சத்துல இருந்தேன்?” என்று கேட்டார் தனிஸ்லாஸ்.

கூடைப்பந்து மைதானத்தை ஒட்டிய அறையில் கோச் கமலவேணி பந்துகளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“யாரு கேக்குறது?”

“நான்தான்.”

“உட்காருங்கண்ணே.”

அவருக்கு வயது அறுபதை நெருங்குகிறது. அவளுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. இருந்தும் அவர்தான் சீடர். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவருக்கு மறுபடி நடக்கக் கற்றுக்கொடுத்தது அவள். அதிலிருந்து எதையும் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் செய்வார். அவள் பெரும்பாலும் பதில் சொல்வதில்லை.

சிந்தலூர் கூடைப்பந்து ஊர். கோடைதோறும் அதன் சிமெண்ட் மைதானத்தில் போட்டி நடக்கும். வெளியூர் அணிகள் வரும். ஊருக்கென்று வாய்த்த ஒரே பெரிய ஆட்டக்காரர் தனிஸ்லாஸ்.

இந்தக் கோடையில் மைதானச் சுவரில் அவர் படத்தை வரைவதென்று கிளப் முடிவு செய்தது. எந்த வருஷத்துத் தனிஸ்லாஸை வரைவது என்பதில் தகராறு வந்தது.

ஊர் இரண்டானது.

டீக்கடையில் கூடுகிறவர்கள் எண்பத்தொன்பது என்றார்கள். அந்த வருஷம் அவர் எழும்பினால் இறங்க நேரமாகும். எதிரே சலூனில் கூடுகிறவர்கள் தொண்ணூற்று நான்கு என்றார்கள். அதற்குள் முழங்கால் கெட்டிருந்தது. எழும்பாமல், பக்கத்தில் இருப்பவனுக்குப் பந்தைக் கொடுத்துக் கொடுத்தே கோப்பையை வாங்கினார்.

“எண்பத்தொம்போதுல அவரை மறிக்க மூணு பேரு வேணும்.”

“தொண்ணூத்தி நாலுல அந்த மூணு பேரையும் தன்கிட்ட இழுத்துக்கிட்டு, சும்மா நிக்கிறவன் கையில பந்தைக் குடுத்தாருய்யா. அது ஆட்டமா, நீ சொல்ற குதியாட்டம் ஆட்டமா?”

“எழும்ப முடியாதவனுக்குச் சொல்ற சமாதானம் அது.”

தனிஸ்லாஸ் அந்த டீக்கடை பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்.

“தொண்ணூத்தி நாலு ஃபைனல்ல எனக்குக் காய்ச்சல்ப்பா” என்றார்.

“சும்மா இருங்கண்ணே. உங்களுக்கு என்ன தெரியும்?”

இரண்டு கட்சியும் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான்.

டீக்கடையில் எண்பத்தொன்பதின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். மரியாதைக்காக ஒரு சந்தன மாலையும் போட்டார்கள். எதிர்க்கட்சி விடுமா? சலூனில் தொண்ணூற்று நான்குக்கு மாலையோடு ஒரு சின்னச் சிவப்பு பல்பும் எரிந்தது.

மாலை போட்ட படத்துக்கு நம் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். போட்டவர்களுக்கு அது தோன்றவில்லை.

புதுக்கோட்டைக்காரர் ஒருவருக்குத் தோன்றியது. ஒருகாலத்தில் எதிரணியில் ஆடியவர். பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவர் இரண்டு படங்களையும் பார்த்துவிட்டு இறங்கினார். ஒரு ரோஜா மாலை வாங்கிக்கொண்டு, வழி கேட்டு வீட்டுக்கு வந்தார்.

கதவைத் திறந்தது தனிஸ்லாஸ்.

வந்தவர் செருப்பைக் கழற்றினார். அவர் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்.

“எத்தனை மணிக்கு எடுக்குறாங்க?”

தனிஸ்லாஸ் அவர் கையிலிருந்த மாலையைப் பார்த்தார். வந்தவரே மறுபடி கேட்டார்.

“நீங்க அவருக்கு அண்ணனா?”

நடந்ததைச் சொல்லிவிட்டுத் தனிஸ்லாஸ் கோச்சைப் பார்த்தார்.

“நான் சிரிச்சிருக்கணும்ல கோச்? சிரிப்பு வரல. அன்னைக்கிருந்துதான் சத்தம் கேக்குது.”

“என்ன சத்தம்?”

“மத்தியானத்துல. மைதானம் பூட்டிக் கெடக்கும். உள்ள பந்து தட்டுற சத்தம்.”

கோச் பம்பை நிறுத்தினாள்.

“ரெண்டு பேரு” என்றாள்.

“நீங்க பார்த்தீங்களா?”

“பிள்ளைகளுக்கு மத்தியானப் பயிற்சியை நிறுத்திட்டேன்ல.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நல்லாத்தான் ஆடுறாங்க. எதுக்குச் சொல்லணும்?”

தனிஸ்லாஸ் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். குரலைத் தாழ்த்தினார்.

“பந்து தரையில படுறப்போ எனக்கு மூச்சு வருது. அடுத்த தடவை படுற வரைக்கும் வர மாட்டேங்குது. வீட்டுல இருந்தாலும் அப்படித்தான். நேத்து சாப்பிட உட்கார்ந்தேன். வீட்டுக்காரி குளோரி சோத்தைப் போட்டவ, என் மூஞ்சியைப் பார்த்துட்டுக் கரண்டியைக் கீழே விட்டுட்டா.”

கோச் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் பந்து தரையில் பட்டது. தனிஸ்லாஸின் நெஞ்சு எழுந்தது. மறுபடி பட்டது. மறுபடி எழுந்தது.

அவள் கையை விட்டுவிட்டாள்.

“இன்னைக்குச் சாயந்திரம் கூட்டம்” என்றார் அவர். “நானே ஒரு வருஷத்தைச் சொல்லிட்டா தகராறு தீந்துரும்னு கிளப்புல சொல்றாங்க. எனக்கும் அதான் தோணுது. ஒண்ணைச் சொல்லிட்டா மத்தவன் போயிருவான். மிச்சம் இருக்கிறவன் தனியா எவ்வளவு நேரம் ஆடுவான்? சத்தம் நின்னுரும்.”

“நின்னா?”

அவர் ஒரு பந்தை எடுத்து அழுத்திப் பார்த்தார்.

“சொல்லுங்கண்ணே. நின்னா?”

தனிஸ்லாஸ் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோச் ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள்.

“வாங்க.”

வெயில் நேர் மேலே நின்றது. சிமெண்ட் தரை வெளுத்துப்போய், பார்க்கவே கண் கூசியது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

கோச் இரும்புக் கதவைத் திறந்தாள். அவரை உள்ளே விட்டாள். அவள் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

இரண்டு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் முதுகில் ஏழு என்று இருந்தது; தனிஸ்லாஸ் ஆடிய காலத்து எண். ஒருவனுக்கு மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது. மற்றவன் முழங்காலில் துணிக்கட்டு.

தனிஸ்லாஸ் முதலில் அவர்கள் காலைப் பார்த்தார். கால்கள் தரையில் நன்றாகப் பட்டன. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

ஒருவன் பந்தைத் தட்டிக்கொண்டு வந்து போட்டான். பந்து வளையத்தைத் தொடாமல் வலைக்குள் இறங்கியது. மற்றவன் எடுத்துத் தட்டினான். போட்டான். இறங்கியது. முதலாமவன் எடுத்தான்.

அந்த வெயிலில் இருவருக்கும் வியர்க்கவில்லை.

அரும்பு மீசைக்காரன் அவரைக் கவனித்தான்.

“வெயில்ல நிக்காதீங்கய்யா. நிழலுக்குப் போங்க.”

ஊர் பேர் தெரியாத கிழவரிடம் பேசுவதுபோலத்தான் பேசினான்.

“யாரு ஜெயிக்கிறது?” என்று கேட்டார் தனிஸ்லாஸ். அடுத்த மூச்சுக்குப் பந்து தரையில் படும்வரை காத்திருந்துதான் கேட்க முடிந்தது.

“தவறவிட்டவன் வெளியே போகணும். அதுதான் பேச்சு.”

“யாரு தவறவிட்டது?”

“யாரும் இல்ல.”

“எவ்வளவு நாளா?”

துணிக்கட்டுக்காரன் பந்தைப் போட்டான். வலை சரக்கென்றது.

“எனக்குத் தவறாதுய்யா” என்றான். “இது என் வருஷம்.”

“இது என் வருஷம்” என்றான் மற்றவனும்.

பெருமையாகச் சொல்லவில்லை. பல்வலி இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்கள். இரண்டு பேரின் கண்ணுக்குக் கீழும் கருத்திருந்தது.

“கொஞ்சம் உட்காரலாம்ல?”

“தவறுனா உட்காரலாம்.”

வாசலிலிருந்து கோச்சின் குரல் வந்தது.

“அண்ணே, நீங்க ஒண்ணு போடுங்க.”

“எனக்கு விழாது கோச்.”

“நான் கேட்டேனா?”

அரும்பு மீசைக்காரன் என்ன நினைத்தானோ, பந்தை அவரிடம் நீட்டினான். பந்து அவன் கையில் இருந்தவரை சத்தம் இல்லை. தனிஸ்லாஸுக்கு மூச்சும் இல்லை.

வாங்கிக்கொண்டார். பந்து குளிர்ந்திருந்தது.

கோட்டருகே போய் நின்றார். முழங்கால் மடங்கவில்லை. காது இரைந்தது. கையை மட்டும் உயர்த்திப் போட்டார்.

பந்து குறைவாகப் போனது. வளையத்தின் முன்விளிம்பில் டங்கென்று மோதி, பக்கவாட்டில் தெறித்து விழுந்தது. ஒருமுறை துள்ளியது. பிறகு உருண்டது.

அந்த இரும்புச் சத்தத்துக்கு இரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள்.

“தவறிருச்சு” என்றான் ஒருவன்.

“ஆமா” என்றான் மற்றவன்.

பசித்தவன் இலையைப் பார்ப்பதுபோல இருவரும் அந்தப் பந்தையே பார்த்தார்கள். யாரும் அதன் பின்னால் போகவில்லை. தவறிய பந்தை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

பந்து, ஆட்டம் பார்க்கிறவர்கள் உட்காரும் படிகளை நோக்கி உருண்டுகொண்டே போனது. துள்ளவில்லை. தனிஸ்லாஸ் அடுத்த சத்தத்துக்காக நின்றார். சத்தம் வரவில்லை. நெஞ்சு எழவில்லை. வெள்ளைத் தரை ஓரங்களிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது.

“என்னண்ணே பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க?” என்று கத்தினாள் கோச். “தவறுன பந்து! ரீபவுண்டை யாரு எடுக்குறது?”

தனிஸ்லாஸ் ஓடினார்.

முழங்கால் சுள்ளென்று வலித்தது. நொண்டிக்கொண்டே ஓடினார். படிகளுக்கு முன்னால் குனிந்து, பந்தை இரண்டு கையாலும் அள்ளி நெஞ்சோடு பிடித்தார்.

பந்து தரையில் படாமலே, புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கியது.