மந்தி கத்தாத மதியம்

காட்டோடைக் கரையில் ஓர் அத்திமரம். மதியமானால் புள்ளிமான் கூட்டம் ஒன்று அதன் நிழலில் படுத்து அசைபோடும். மரத்தின் உச்சியில் கருமுகன் என்ற மந்தி காவல் இருக்கும். சிறுத்தை வந்தால் மந்தி கத்தும். மந்தி கத்தினால் மான்கள் ஓடும். கத்தாவிட்டால் கவலையில்லை. அதனால் மான்கள் எந்தப் பக்கமும் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

நெருஞ்சி என்ற பெண்மான் மட்டும் நான்கு நாட்களாகப் படுக்கவில்லை. நின்றபடியே இரண்டு வாய் மெல்லும். சட்டென்று நிறுத்தும். காதைத் திருப்பும். நாலடி நடக்கும். மறுபடி வந்து நிற்கும்.

"உட்காரேன்டி! உன்னைப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றுகிறது!" என்றது ஆவாரை என்ற மான்.

"எப்படி உட்காருவேன்? அதோ, அந்த உன்னிப் புதரிலிருந்துதான் சிறுத்தை என்மேல் பாய்ந்தது!"

நான்கு நாட்களுக்கு முன் மற்ற மான்கள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தன. நெருஞ்சி மட்டும் கீழே கிடந்த கடைசிப் பழங்களுக்காகப் பின்தங்கியது. அப்போதுதான் சிறுத்தை பாய்ந்தது. நெருஞ்சி ஓடைக்குள் குதித்துத் தப்பியது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. பார்த்தவர் யாரும் இல்லை.

"சிறுத்தை பாய்ந்ததாம், காயமே இல்லையாம்!" என்று சிரித்தது ஆவாரை. "கருமுகா! நீ ஏதாவது பார்த்தாயா?"

அன்று மதியம் கருமுகன் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது. அதை ஒப்புக்கொள்ளுமா?

"என் கண்ணுக்குத் தப்பி ஓர் எறும்புகூட இங்கே வராது! பாவம், கனவு கண்டிருப்பாள்!"

நெருஞ்சி தன் உயிர்த் தோழி கொவ்வையைப் பார்த்தது.

கொவ்வை தயங்கியது. "முதல் நாள், புதரின் வலப்பக்கமிருந்து பாய்ந்தது என்றாய். நேற்று, இடப்பக்கம் என்றாய். எதுடி சரி?"

நெருஞ்சி யோசித்தது. அந்த நாற்றம் நினைவிருந்தது. கழுத்தில் பட்ட மூச்சின் சூடு நினைவிருந்தது. பக்கம் மட்டும் நினைவில்லை.

"தெரியவில்லை."

"கேட்டீர்களா! நாளுக்கு ஒரு பக்கமிருந்து பாய்கிறதாம் இவள் சிறுத்தை!" என்றது ஆவாரை. எல்லா மான்களும் சிரித்தன.

நெருஞ்சி விறுவிறுவென்று எதிர்க்காட்டைப் பார்த்து நடந்தது. தனி மான் இந்தக் காட்டில் எத்தனை நாள் பிழைக்கும்? அதுவும் தெரிந்துதான் நடந்தது.

கொவ்வை பின்னாலேயே ஓடி வந்தது. "எங்கேடி போகிறாய்? சொல்லிவிட்டுப் போ!"

நெருஞ்சி மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வாயெடுத்தது. பிறகு நிறுத்திக்கொண்டது. சொல்லச் சொல்லக் கேள்விகள்தானே கூடின?

"கொவ்வை, நீ நம்ப வேண்டாம். எனக்கு ஒன்று மட்டும் செய். நான் படுத்திருக்கும்போது அந்தப் புதரைப் பார்த்தபடி நில்."

"நம்பாமலேயா?"

"நம்பாமலே நில்."

"சரி, இன்று ஒரு நாள்! என் அசைபோடும் நேரம் போச்சு!" என்று முணுமுணுத்தது கொவ்வை.

இரண்டும் மரத்தடிக்குத் திரும்பின. நெருஞ்சி மெல்லப் படுத்தது. காதுகள் மட்டும் படுக்கவில்லை.

கொவ்வை புதரைப் பார்த்து நின்றது. இத்தனை நாளில் அது அந்தப் பக்கம் பார்த்ததே இல்லை. புதரடியில் புல் நசுங்கிக் கிடந்தது. தவிட்டுக் குருவிகள் புதர்வரை வந்தன. உள்ளே போகாமல் திரும்பின. ஏன்?

இலைகளுக்கு நடுவே இரண்டு மஞ்சள் கண்கள்!

கொவ்வை காலால் தரையை உதைத்தது. "எழுந்திருங்கள்! ஓடுங்கள்!"

மான்கள் துள்ளி எழுந்து ஓடையைத் தாண்டி ஓடின. ஆவாரை படுத்திருந்த இடத்தில் சிறுத்தை வந்து விழுந்தது. அங்கே வெறும் சருகுதான் இருந்தது.

"சிறுத்தை! சிறுத்தை!" என்று உச்சியிலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டே கத்தியது கருமுகன்.

"ரொம்பச் சீக்கிரம் கத்திவிட்டாயே, ராசா!" என்று அக்கரையிலிருந்து மூச்சு வாங்கச் சொன்னது ஆவாரை. பிறகு கொவ்வையிடம் திரும்பியது. "அது புதரின் எந்தப் பக்கமிருந்துடி பாய்ந்தது?"

கொவ்வை எதிர்க்கரைப் புதரைத் திரும்பிப் பார்த்தது.

"தெரியவில்லை" என்றது.

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. கொவ்வை நெருஞ்சியிடம் போய் நின்றது. "அன்று என்னடி நடந்தது? சொல். நான் குறுக்கே பேசமாட்டேன்."

நெருஞ்சி சொன்னது. கொவ்வை கேட்டுக்கொண்டே, கண்ணை எடுக்காமல் எதிர்க்கரையைப் பார்த்து நின்றது. சொல்லி முடித்தபோது நெருஞ்சி படுத்திருந்தது. அதன் காதுகள் இரண்டும் தளர்ந்து கிடந்தன.

துன்பப்பட்ட நண்பரிடம் சாட்சி கேட்பதற்கு முன், அவர் காட்டும் பக்கம் நாம் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும்.