சிம்மாசனத்தின் அடியில் ஒரு செங்கல்

மலையுச்சியில் கோட்டை கட்டிக்கொண்ட சேந்த மன்னருக்கு ஒரே எதிரி குளிர்தான். காலையில் சபை கூடினால் கம்பீரமெல்லாம் போய்ப் பற்கள் தாளம் போடும். கணப்பு மூட்டினாலோ புகையில் இருமித் தள்ளுவார்.

சபையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போன கொற்றப்பன் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். களிமண்ணில் உமியைக் கலந்து செங்கல் சுட்டான். உமி எரிந்துபோய்க் கல் முழுக்கப் பொடிப்பொடி ஓட்டையாயிற்று. வெடிமருந்தில் சேர்க்கும் வெடியுப்பை உருக்கி அந்த ஓட்டைகளில் ஊறவைத்தான். முற்றத்து அடுப்பில் காய்ச்சினால் கல்லுக்குள்ளேயே உப்பு உருகிச் சூட்டைக் குடித்துக்கொள்ளும். சிம்மாசனத்தின் அடியில் தள்ளிவிட்டால், மெல்ல இறுகிக்கொண்டே சபை கலையும்வரை அதைத் திருப்பித் தரும். மன்னர் சொக்கிப்போனார்.

அமைச்சர் அம்பலவாணருக்கு வயிறு எரிந்தது.

"மன்னா, சூடு தருவது உப்பு. பாதி இடத்தை மண் அடைத்துக்கொண்டு கிடக்கிறதே, அதற்கு என்ன வேலை?"

"என்ன வேலை, கொற்றப்பா?"

"ஒரு வேலையும் இல்லை மன்னா. சும்மா இருக்கும். ஆனால்..."

"கேட்டீர்களா! அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். மண்ணை எடுத்தால் இரண்டு மடங்கு சூடு!"

"உப்பை ஒரு சட்டியிலாவது போட்டு..."

"சட்டியும் மண்தானே!" என்று மடக்கினார் அமைச்சர்.

மன்னருக்கு வேகம் வந்துவிட்டது. "சும்மா இருக்கும் எதுவும் இனி என் அரண்மனையில் இருக்கக் கூடாது. இது என் ஆணை! நாளைக்கு வெறும் உப்பு. சிம்மாசனம் சில்லிட்டால், கொற்றப்பா, உன்னைக் கழுதைமேல் ஏற்றி நாட்டைவிட்டே துரத்திவிடுவேன்."

கொற்றப்பன் தனக்குள் முணுமுணுத்துக்கொண்டான். ராஜா சொன்னால் மந்திரி கேட்பார், உப்பு கேட்குமா?

மறுநாள் காலை அடுப்பின் இரும்புச் சட்டத்தில் உப்புப் பாளத்தை வைத்தான். இடுக்கியை அமைச்சரிடம் நீட்டினான்.

"யோசனை உங்களுடையது ஐயா. உங்கள் திருக்கரத்தாலேயே எடுத்து வையுங்கள்."

அம்பலவாணர் மீசையை முறுக்கிக்கொண்டு குனிந்தார். பாளம் உருகிச் சட்டத்தின் வழியே ஒழுகித் தணலில் விழுந்தது. புஸ்ஸென்று கிளம்பியது தீ! அவர் நிமிர்ந்தபோது இடுக்கியில் உப்பும் இல்லை, ஒரு பக்கத்தில் மீசையும் இல்லை.

சில்லிட்ட சிம்மாசனத்தில் உட்கார்ந்த மன்னர் துள்ளி எழுந்தார். "கொண்டு வாருங்கள் கழுதையை!"

"ஏறிக்கொள்கிறேன் மன்னா. அதற்குமுன் உங்கள் ஆணையை முழுசாக நிறைவேற்றிவிடுகிறேன். சும்மா இருந்த மண் போயிற்று. இன்னும் ஒருவர் பாக்கி."

"யாரவன்?"

"வரி தண்டுவது தண்டல்காரர். போருக்குப் போவது சேனாபதி. வழக்குத் தீர்ப்பது நியாயாதிபதி. இவர் மட்டும் நடுவில் சும்மா உட்கார்ந்திருப்பார். ஆனால் இவர் எழுந்து போய்விட்டால் நாங்கள் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் ஒழுகிவிடுவோம். அவரையும் அகற்றிவிடலாமா?"

'தொலைந்தேன்' என்று நினைத்துக்கொண்டான் கொற்றப்பன். மன்னரின் முகம் சிவந்தது, உதடு துடித்தது, பிறகு வெடித்துக்கொண்டு வந்தது சிரிப்பு. தம் தோளில் கிடந்த சால்வையை எடுத்து அவன்மேல் போர்த்தினார்.

"மண்ணும் இருக்கட்டும் கொற்றப்பா. நானும் இருந்துவிட்டுப் போகிறேன்!"