விரிச்சி கேட்கப் போன பூதி

விரிச்சி என்றொரு பழைய சொல் உண்டு, கேட்டிருக்கிறீர்களா? அதன் பொருள் தெரிய வேண்டுமானால், முல்லைக்காட்டை அடுத்த சிறு நாட்டை ஆண்ட நெடுஞ்சேந்தன் கதையைக் கேளுங்கள்.

அந்தக் காலத்தில் படை புறப்படுமுன் ஒரு பெண் நெல்லும் பூவும் தூவி வணங்கிவிட்டு, மாலையில் ஊருக்குள் போய் நிற்பாள். யாரோ யாரிடமோ தற்செயலாகப் பேசுவது காதில் விழும். நல்ல சொல்லானால் படை போகும். கெட்ட சொல்லானால் போகாது. அப்படிக் காதில் விழும் சொல்தான் விரிச்சி.

ஒருமுறை இரு நாட்டுக்கும் பொதுவான ஏரியின் மதகை அக்கரை நாட்டார் அடைத்துவிட்டார்கள். சேந்தனுக்குக் கோபம் தலைக்கேறியது. "முதலில் தூது அனுப்பலாம்" என்றார்கள் அமைச்சர்கள். அவன் கேட்கவில்லை. விரிச்சி கேட்கப் பூதி என்ற பெண்ணை அனுப்பினான். ஆனால் அவளுக்குத் தெரியாமல் ஊரெங்கும் ஆள்விட்டு, இன்னதுதான் பேச வேண்டும் என்று ஊராரை மிரட்டியும் வைத்தான்.

பூதி குயவர் தெருவில் நின்றாள். "வெற்றி நமக்கே" என்றது ஒரு குரல்.

உப்பு விற்போர் தெருவில் நின்றாள். "வெற்றி நமக்கே."

ஆயர் தெருவில் நின்றாள். பால் கறந்துகொண்டிருந்தவன் அவளைக் கண்டதும் கறப்பதை நிறுத்திவிட்டு, "வெற்றி நமக்கே" என்றான்.

பூதி அவைக்குத் திரும்பினாள்.

"என்ன கேட்டாய்?" என்றான் சேந்தன்.

"விரிச்சி எதுவும் கேட்கவில்லை, அரசே. மூன்று தெருவிலும் உங்கள் குரலைத்தான் கேட்டேன்."

சேந்தனின் கை வாளுக்குப் போனது. பூதி நகரவில்லை.

"என் தம்பியும் உங்கள் படையில் இருக்கிறான். பொய் சொல்லி அவனை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை."

சேந்தனின் முகம் சுண்டியது. "நானே போய்க் கேட்கிறேன்" என்று மேலாடையால் தலையை மூடிக்கொண்டு தெருவில் இறங்கினான்.

ஒரு குடிசைக்குள் படைவீரன் ஒருவனின் மனைவி மகளிடம் பேசுவது கேட்டது.

"நாளையிலிருந்து உலையில் பாதி அரிசி போட்டால் போதும், கண்ணு. அப்பா சாப்பிட வரமாட்டார்."

அதை யார் கேட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாது. சேந்தனோ சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டான். இன்னும் எத்தனை வீட்டு உலையில் அரிசி பாதியாகும் என்று தெருவின் வீடுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான்.

விடிந்ததும் படைக்குப் பதிலாகத் தூதர்கள் போனார்கள். பேச்சு எளிதில் முடியவில்லை. இரண்டு பக்கத்தாரும் முறுக்கிக்கொண்டுதான் நின்றார்கள். ஆனாலும் கடைசியில் முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது என்று முடிவாகி, மதகு திறந்தது.

தான் விரும்பியதையே பிறரைச் சொல்லவைத்துக் கேட்பவனுக்கு, உண்மை ஒருநாளும் காதில் விழாது.