தொட்டிலில் கிடந்த மாவு

சாத்தையாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது கோத்தகிரிச் சந்தையில். கம்பளிக் கடையில் நின்று ஒரு குல்லாவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். "யார் தலைக்கு?" என்று கடைக்காரர் கேட்டார். "தலைக்கு இல்லைங்க, மாவுப் பானைக்கு" என்றார் சாத்தையா. கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் என் பைக்குள் இருந்த வெங்காயத்தைப் பார்த்தேன்.

சாத்தையாவும் அவர் தம்பிகள் இருளப்பனும் குருசாமியும் முதுகுளத்தூர்ப் பக்கத்து வெயிலிலிருந்து தேயிலைத் தொழிற்சாலை வேலைக்காக வந்தவர்கள். எங்கள் பக்கத்து வீட்டில் குடியேறினார்கள். வந்த வாரமே தேங்காயெண்ணெய் உறைந்துபோயிற்று. இருளப்பன் அதைக் கத்தியால் வெட்டி, ஒரு வில்லையை உச்சந்தலையில் வைத்துக்கொண்டு, உருகட்டும் என்று மதியம்வரை ஆடாமல் உட்கார்ந்திருந்தான்.

அடுத்து, துணி காயவில்லை. அப்போது என் மனைவி தெய்வானை இருந்தாள். "வெயில் அடிக்கிற இடமாப் பார்த்துப் போடுங்க தம்பி" என்றாள். எதிர்மலையில் வெயில் அடித்தது. மூவரும் ஈரத்துணியைச் சுமந்துகொண்டு எதிர்மலைக்கு ஏறினார்கள். அதற்குள் வெயில் எங்கள் மலைக்கு வந்துவிட்டது. திரும்பி வந்தார்கள். வெயில் மறுபடி அங்கே போய்விட்டது.

"நம்மளைக் கண்டாலே ஓடுதுண்ணே" என்றான் குருசாமி.

"ஊர்ல நாம அதைக் கண்டு ஓடுனோம்ல, அந்தக் கோவம்" என்றார் சாத்தையா.

இதெல்லாம் போகட்டும். இட்லிதான் பெரும்பாடு. சாத்தையாவின் மனைவி அங்காளம் இன்னும் ஊரில்தான் இருந்தாள். "வந்து பார்ப்பேன். காலையில இட்லி இல்லைன்னா வந்த பஸ்ஸுலயே திரும்பிருவேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். மலைக்குளிரில் மாவோ கரைத்த சுண்ணாம்பு மாதிரி அசையாமல் கிடந்தது. சாத்தையா கண்கலங்கிவிட்டார்.

"குளிருக்கு மாவு பொங்காது. பச்சைப்பிள்ளையைப் பார்த்துக்கிற மாதிரி பார்த்துக்கணும்" என்றாள் தெய்வானை. ஒரு துணியைச் சுற்றி அடுப்போரம் வைக்கச் சொன்னதாக அவள் நினைப்பு.

அங்காளம் வரவேண்டிய காலையில் போய்ப் பார்த்தோம். உத்தரத்தில் சேலைத் தொட்டில். தொட்டிலுக்குள் கம்பளி சுற்றிய பானை. பானையில் திருஷ்டிப் பொட்டு. குருசாமி ஆட்டிக்கொண்டிருந்தான்.

"மெதுவாப் பேசுங்கக்கா. இப்பத்தான் தூங்குச்சு."

"எது?"

"மாவு."

இருளப்பன் முகம் வாடியிருந்தது. "அண்ணே, வயிறு உப்பிக்கிட்டே வருது. உள்ள கடமுடங்குது."

"வசம்பு தேய்ச்சியா?" என்றார் சாத்தையா.

"தேய்ச்சேன். இப்ப நுரை தள்ளுது."

சாத்தையா மூடியைத் திறந்தார். மாவு விளிம்புவரை பொங்கியிருந்தது. "அடேய், வளர்ந்திருச்சுடா!" என்று தம்பிகளைக் கட்டிக்கொண்டார்.

தெய்வானை இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றினாள். "கரண்டி குடுங்க, ஊத்திரலாம். பஸ் வர்ற நேரம்."

மூவரும் தொட்டிலை மறைத்துக்கொண்டு நின்றார்கள்.

"தோள்ல போட்டுத் தட்டுனவன்க்கா நான். கொதிக்கிற ஆவியில வைக்கவா குடுப்பேன்?" என்றான் குருசாமி.

"உங்க சம்சாரம் திரும்பிப் போயிருமே?" என்றாள் தெய்வானை சாத்தையாவிடம்.

அவர் வாசலைப் பார்த்தார். தொட்டிலைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். "அவளுக்கு அப்பன் வீடு இருக்கு. இதுக்கு யாரு இருக்கா?"

அப்போது அங்காளம் உள்ளே வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இட்லி எங்க?"

சாத்தையா தொட்டிலைக் காட்டினார். அவள் எட்டிப் பார்த்தாள். வெளியே பஸ் ஹாரன் அடித்தது.

"உங்களுக்கெல்லாம் அறிவிருக்கா?" என்றாள்.

இந்த வீட்டில் ஒருத்தியாவது கிடைத்தாளே என்று தெய்வானை என்னைப் பார்த்தாள்.

"கதவுக்கு நேரா யாராவது தொட்டில் கட்டுவாங்களா? பிள்ளைக்குக் காத்து அடிக்காது?" என்று அங்காளம் போய்க் கதவைச் சாத்தினாள். பஸ் போய்விட்டது. அவள் போகவில்லை.

தினமும் ஒரு கரண்டி புது மாவு ஊட்டி வளர்த்தார்கள். புளிப்பு வாடை தெருவரைக்கும் வந்தது. "வயசுக்கு வர்ற பையன், அப்படித்தான் இருக்கும்" என்றாள் அங்காளம்.

சாத்தையா போய் ஒரு மழைக்காலம் ஆகிறது. மற்ற மூவரும் சுகமாக இருக்கிறார்கள். அந்த வீட்டில் இன்றைக்கும் காலையில் உப்புமாதான்.