நரியாரின் வாகனப் பரிசோதனை

குளம் வற்றிக்கொண்டிருந்தது. மலைக்கு அப்பால் இருக்கும் ஏரிக்குப் போனால்தான் பிழைப்பு என்று காடே கிளம்பியது. கோதண்ட நரியார் மட்டும் நடந்து போகத் தயாராக இல்லை. அவர் என்ன சாதாரண நரியா? வாகனம் வேண்டுமாம்.

சுமந்து போக இரண்டு பேர் சம்மதித்தார்கள். ஒன்று, வயதான வெளிமான். அந்தக் காலத்தில் காற்றையே முந்தியது. இப்போதும் வளைவுகளில் வழுக்காமல் பறக்கும். ஆனால் முதுகில் ஒருவர்தான் உட்காரலாம். பள்ளம் வந்தால் இடுப்பு ஒடியும். மற்றொன்று, இளம் யானை. குடும்பமே ஏறலாம், மேடு பள்ளம் தெரியாது. தீனிக்குத்தான் ஒரு தோப்பே வேண்டும்.

காலையில் நரியார் மான்மேல் ஒரு சுற்று வந்தார். "அடடா, இதுவல்லவா ஓட்டம்!" மாலையில் யானைமேல் ஒரு சுற்று. "அடடா, இங்கிருந்து பார்த்தால் எல்லாரும் எவ்வளவு சின்னவர்கள்!" மறுநாள் காலையில் மறுபடியும் மான்.

"ஏங்க, பிள்ளைங்களுக்கு நாக்கு வறண்டு போச்சு. ஏதாவது ஒண்ணுல கிளம்புங்க" என்றாள் மனைவி செங்கமலம்.

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. சேத்துல எது நல்லா போகுதுன்னு இன்னும் பாக்கலையே!"

சேறு இருந்த இடத்தில் இப்போது புழுதிதான். அதனால் சேறு கிடைக்கும்வரை முடிவு தள்ளிப்போனது. அதற்குள், எதில் போய் இறங்கினால் ஏரிக்கரையில் இருக்கும் சகலைக்கு அதிகம் வயிறெரியும் என்று தனியாக ஓர் ஆராய்ச்சி வேறு.

கடைக்குட்டி துவண்டு விழுந்தது. அதைப் பார்த்த யானைக்குப் பொறுக்கவில்லை. "நரியாரே, நான் கிளம்புறேன்" என்றது.

"நான் முடிவு சொல்லாமல் யாரும் நகரக் கூடாது" என்றார் நரியார், கண்டிப்பாக.

யானை அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டது. "ஏறும்மா" என்று செங்கமலத்தின் முன் மண்டியிட்டது. குட்டிகளைத் துதிக்கையால் தூக்கி அவள் பக்கத்தில் வைத்தது. மான் முன்னால் ஓடி வழி பார்த்தது.

நரியாருக்கு அப்போதுதான் முடிவு பளிச்சென்று வந்தது. "யானைதான்! சந்தேகமே இல்லை, யானைதான்!" என்று கூவினார். யானை அதற்குள் மலைச்சரிவில் மறைந்திருந்தது.

அத்தனை நாளும் அவர் சோதித்தே பார்க்காத தம் சொந்த நான்கு கால்களில், வழியெல்லாம் யானை லத்தியைத் தாண்டித் தாண்டி, நாக்குத் தள்ள ஓடினார் நரியார்.

போய்ச் சேர வேண்டியதை மறந்து வாகனம் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு, கடைசியில் கால்தான் வாகனம்.